இல்லாத மூன்று கோடுகள்

போன செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணி. கொட்டகலையில் மழை விடவே இல்லை. பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது ஃபோன் அடித்தது. தெரியாத நம்பர்.

"சார், நான் டயகமயிலிருந்து புஷ்பராணி பேசுறேன். அன்னைக்கு எங்க வீட்டுல தேத்தண்ணி குடிச்சீங்களே."

ஞாபகம் வந்தது. பத்து நாளுக்கு முன் டயகமப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் படம் எடுக்கப் போயிருந்தேன். தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் மலைச்சரிவு, அதன்மேல் பனி. நின்றால் நனைந்துவிடுவேன் என்று உள்ளே கூப்பிட்டுத் தேநீர் கொடுத்து, என் நம்பரையும் வாங்கி வைத்துக்கொண்டவர். அந்தத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார்.

"சொல்லுங்க, புஷ்பராணி."

"நீங்க போட்ட போட்டோவ கொழும்புலருந்து நாத்தனா அனுப்பிச்சாங்க. அதுல எங்க லயத்துக்கு மேல கோடு கோடா தெரியுதே சார்... மூணு கோடு. மலை வெடிச்சிருக்கா?"

வாயில் பற்பசை. துப்பினேன்.

"இல்ல இல்ல, அது பனி" என்றேன். சொல்லிவிட்டு லேப்டாப்பைத் திறந்து பார்த்தேன். கறுப்பு வெள்ளைப் படம். இணையத்தில் ஏகப்பட்ட லைக் வாங்கிய படம். பனி சப்பென்று இருக்கிறதே என்று கான்ட்ராஸ்டை இழு இழு என்று இழுத்திருந்தேன். புஷ்பராணி சொன்னது சரி. சரிவின் குறுக்கே வளைந்து வளைந்து மூன்று கோடுகள். பத்து நாளாக நான் ரசித்த படத்தில் நானே பார்க்காத கோடுகள்.

பனியா? வெடிப்பா? எனக்கே தெரியவில்லை. வெடிப்பென்றால் மண்சரிவு வரும்; மலைக்குக் கீழே பன்னிரண்டு குடும்பம் இருக்கிறது.

ரதி டீச்சருக்கு ஃபோன் போட்டேன். யாழ்ப்பாணத்துக்காரர், இங்கே பௌதிகம் படிப்பிக்கிறார், கமரா வெறி என்னைவிட அதிகம்.

"எத்தனை பிட்டிலை எடிட் செய்தனீங்கள்?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி.

"எட்டு."

"அப்ப கோடு வராமல் என்ன செய்யும்? எட்டு பிட் எண்டால் கறுப்பிலையிருந்து வெள்ளைக்குப் போக மொத்தம் இருநூற்று ஐம்பத்தாறு படிதான். உங்கடை பனி அதிலை ஒரு இருபது படிக்குள்ளை கிடந்திருக்கும். பிடிச்சு இழுத்தால் படி கூடாது, இடைவெளிதான் கூடும். அதுதான் கோடாத் தெரியுது. பதினாறு பிட்டிலை செய்யுங்கோ. அதிலை அறுபத்தைந்தாயிரம் படி இருக்கு."

"ஆனா என் ஸ்கிரீன் காட்டுறதே எட்டு பிட் தானே, டீச்சர்?"

"காட்டுறது வேறை, வேலை செய்யிறது வேறை."

புரிந்த மாதிரித் தலையாட்டினேன். ஃபோனில் தலையாட்டி என்ன பயன்?

அதே படத்தை எடுத்து, பதினாறு பிட் என்று மாற்றி சேவ் பண்ணினேன். கோடுகள் அப்படியே இருந்தன. அப்படியானால் நிஜமா? மறுபடி டீச்சர்.

"உடைஞ்ச படத்தைப் பதினாறு ஆக்கினால் உடைவு எங்கை போகும்? கமரா தந்த ரோ ஃபைலைத் திறந்து, முதலிலையிருந்து தொடங்குங்கோ."

தொடங்கினேன். அதே இழுவை, அதே கான்ட்ராஸ்ட். பனி வெண்ணெய் மாதிரி வழுவழுவென்று இறங்கியது. கோடு ஒன்றுகூட இல்லை. உடனே புஷ்பராணிக்கு அனுப்பினேன். 'பாருங்க, கோடு இல்ல. பயப்படாதீங்க.'

இரண்டு நிமிடத்தில் ஃபோன்.

"சார், ரெண்டும் நீங்க எடுத்த போட்டோ தானே?"

"ரெண்டும் ஒரே போட்டோ, புஷ்பராணி."

"அப்ப எத நம்புறது?"

பிட் கணக்கைச் சொல்ல வாயெடுத்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன். நாலு நாள் மழையில் மலைக்குக் கீழே நிற்கிற ஒருவரிடம் போய்...

"நாங்க மேல ஏறிப் பாக்கப் போறோம் சார்" என்றார். வீட்டில் உட்கார்ந்திருக்க மனம் வரவில்லை; நானும் வருகிறேன் என்றேன். தலவாக்கலை போய், பஸ் மாறி, டயகம போய்ச் சேர்ந்தபோது பதினொரு மணி. புஷ்பராணியும் இன்னும் நாலு பெண்களும் எனக்காகக் காத்திருந்தார்கள்.

ஏறினோம். கால் முழுக்க அட்டை. படத்தில் கோடு தெரிந்த இடத்தையெல்லாம் தடவித் தடவிப் பார்த்தோம். ஒன்றுமே இல்லை. உண்மையைச் சொல்கிறேன், எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"வந்ததுதான் வந்தோம், இன்னும் கொஞ்சம் ஏறுவோம்" என்றார் புஷ்பராணி. என் படத்தின் மேல் விளிம்பையும் தாண்டிப் போனோம். மானாப் புல்லுக்குள் அவர் கால் முழங்கால்வரை இறங்கியது. புல்லை விலக்கினோம். கால் நுழைகிற அகலத்தில் வெடிப்பு. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புல்லுக்கடியில் போய்க்கொண்டே இருந்தது.

யாரும் கத்தவில்லை. ஒரு பெண் மட்டும் மெதுவாக, "புள்ளைங்கள ஸ்கூல்லேயே இருக்கச் சொல்லணும்" என்றார்.

கிராம சேவகருக்குச் சொன்னோம். மறுநாள் அதிகாரிகள் வந்து பார்த்தார்கள், இரண்டு பக்கமும் ஆணி அடித்து அளந்தார்கள், எல்லோரையும் பாடசாலை மண்டபத்துக்குப் போகச் சொன்னார்கள். சனிக்கிழமை அளந்தபோது வெடிப்பு இரண்டு விரல் கூடியிருந்தது. மலை இன்னும் நிற்கிறது. எத்தனை நாளைக்கு என்று யாரும் சொல்லவில்லை.

ஞாயிறு மண்டபத்துக்குப் போனேன். வரிசையாகப் பாய், ஓரத்தில் அடுப்பு. பார்க்கிறவர்கள் எல்லாம் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். "ஒங்க போட்டோ காட்டிக்குடுத்துச்சு சார்."

இல்லைங்க, அந்தக் கோடுகள் பொய், நான் பண்ணின தப்பு, நிஜ வெடிப்பு படத்துக்குள்ளேயே இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். சரி சார், சரி சார் என்றார்கள். பணிவாகப் பேசுகிறேன் என்று நினைத்துவிட்டார்கள்.

புஷ்பராணிக்கு மட்டும் புரிந்தது. கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "பொய்யின்னாலும் பரவாயில்ல. நல்லா இருக்க போட்டோவ பாத்திருந்தா நாங்க ஏறியிருக்கமாட்டோம்ல?"

சுத்தமான படம் சரியான படம். ஆனால் அது அவர்களை வீட்டிலேயே உட்கார வைத்திருக்கும். தப்பான படம்தான் மலையேற வைத்தது. அதற்காக இனித் தப்பாகவே எடிட் பண்ணலாமா? பண்ணக்கூடாது. அதுவும் தெரிகிறது. அதற்கு மேல் யோசித்தால் தலை சுற்றுகிறது.

எட்டு பிட் படத்தை முதலில் டிலீட் பண்ணுங்கோ என்கிறார் ரதி டீச்சர். அழிச்சிடாதீங்க என்கிறார் புஷ்பராணி. இரண்டையும் வைத்திருக்கிறேன் — ஏன் என்று மட்டும் யாரும் கேட்டுவிடாதீர்கள்.