அந்தத் தாளில் இருப்பது எங்கள் பாக்கியம் அக்கா இல்லை

என்னுடைய மூத்த பேரன் அகிலன் என்ஜினியருக்குப் படித்து முடித்து, விமானத்துக்குப் பாகம் செய்யும் கொம்பனியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். பேத்தி தர்சிகா தாதிப் படிப்பில் இரண்டாம் வருடம். ஊசி போட்டால் நோகாதாம், ஆஸ்பத்திரியில் கிழவர்கள் அவளைத்தான் கேட்கிறார்களாம். சின்னவன் நிவேதன் வகுப்பில் கணக்குக்கு முதலாம் பிள்ளை, ஜூடோவில் செம்மஞ்சள் பட்டி எடுத்துவிட்டான். பாக்கியம் அக்காவின் பேத்தி அபிநயா பக் என்கிற பிரெஞ்சுப் பள்ளி இறுதிப் பரீட்சையில் மிகத் திறமையாகச் சித்தியடைந்து சட்டம் படிக்கப் போகிறாள்.

நினைவு மலருக்கு அஞ்சலி எழுதச் சொன்னால் இவள் தன் வீட்டுப் பெருமை பேசுகிறாள் என்று நினைக்க வேண்டாம். பாக்கியம் அக்கா தொலைபேசி எடுத்தால் சுகம் கேட்கமாட்டார். "பரமேசு, பிள்ளையள் என்ன புதுசா வெண்டவை? அதை முதல் சொல்லும். வருத்தக் கதையளைப் பிறகு கதைப்பம்" என்பார். சின்னவன் பட்டி வென்றதைச் சொல்லத்தான் அன்று காலை போனைக் கையில் எடுத்தேன். எடுத்த கையிலேயே செய்தி வந்து விழுந்தது.

முதலில் வந்தது படம். இடது கன்னம் வீங்கி, கண் பாதி மூடி, உதட்டில் இரத்தம் காய்ந்த முகம். அதற்குக் கீழே பெரிய எழுத்தில்: "கொள்ளையரால் தாக்கப்பட்ட எங்கள் தாய் மறைந்தார். வீட்டில் ஆயுதம் இருந்திருந்தால் இன்று எம்மோடு இருந்திருப்பார். தற்காப்புக்குத் துப்பாக்கி வைத்திருக்கும் உரிமையைக் கேட்போம். கையொப்பமிடுங்கள்."

அக்காவின் மகள் வசந்திக்கு எடுத்தேன். "ஓம் அன்ரி, அம்மா விடிய போயிட்டா" என்றாள். "ஆஸ்பத்திரியிலதான். நான் கையைப் பிடிச்சுக்கொண்டு இருந்தனான்." பிறகு, "அந்தப் படம் உங்களுக்கும் வந்ததோ?" என்று கேட்டாள். தாயின் உடம்பு சூடு ஆறுவதற்கு முன்னம் அந்தப் பிள்ளை கேட்கவேண்டி வந்த கேள்வி அது.

அக்காவை அறிந்த எல்லோருக்கும் சொல்கிறேன். அவர் இறந்தது இருதய வருத்தத்தில். கள்ளர் வந்தது மூன்று வருடத்துக்கு முன்னம். இப்போது கடைக்கதவுகளிலும் ஒட்டியிருக்கும் அந்தத் தாளில் எழுதியிருப்பது பொய். அதைவிடக் கேடு, உயிரோடு இருந்தபோது அக்கா எதற்குக் கையொப்பம் வைக்கமாட்டேன் என்று நின்றாரோ, அதற்கே அவருடைய முகத்தை ஒட்டியிருக்கிறார்கள்.

அந்தப் படத்தை எடுத்தவள் நான். அதையும் மறைக்க மாட்டேன்.

நானும் அக்காவும் ஒரே கொம்பனியில் பதினாலு வருடம் கந்தோர் துப்புரவு வேலை செய்தோம். அவர் லா கூர்னெவ், நான் திரான்சி. லா கூர்னெவ் வீட்டுக்குக் கள்ளர் வந்தது பட்டப்பகலில். தண்ணீர்க் குழாய் பார்க்க வந்தோம் என்று சொல்லிக் கதவைத் திறக்கவைத்தார்கள். தமிழர் வீட்டில் நகை இருக்கும் என்பது இங்கே எல்லாக் கள்ளருக்கும் தெரியும். தாலிக்கொடியை இழுத்தபோது அக்கா விடவில்லை, அறைந்துவிட்டுப் பறித்துக்கொண்டு போனார்கள். நான் ஓடிப் போனபோது அவர் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் இருந்து அவர்களைத் திட்டிக்கொண்டிருந்தார். "அவங்கடை கை புழுத்துப் போக! தாயள் பெத்ததோ, தார் றோட்டில பொறுக்கினதோ!" இப்போது எல்லோரும் அக்காவைச் சாந்தசொரூபி என்கிறார்கள். அவர் அப்படி ஒன்றுமில்லை. வாய் காரம்.

"பொலிசுக்குக் காட்ட ஒரு படம் எடுப்பம் அக்கா" என்றேன். "பொலிசுக்கு எண்டா எடும். வேற ஒருத்தருக்கும் காட்டக் கூடாது" என்றார். நான் எடுத்தேன். வீட்டுக்குப் போய், ஆற்றாமையில், எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினேன். அங்கிருந்து யார் யாருக்குப் போனதோ. அன்று பின்னேரம் எனக்கே திரும்பி வந்தது, அடியில் ஆரோ நெருப்புப் படம் போட்டு.

அடுத்த கிழமையே, எங்கள் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் ஒரு குழு கூடிவிட்டது. ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்மண்டபம், ஞாயிறு மத்தியானம். மேடையில் அக்காவுக்கு ஒரு கதிரை, பின்னால் அந்தப் படம் ஆள் உயரத்தில். இந்த நாட்டில் துவக்கு வாங்குவதற்குச் சுடும் கழகத்தில் சேரவேண்டும், மாதக்கணக்காய்ப் பழகவேண்டும், டொக்டரின் பேப்பர், மாவட்ட அரச அலுவலகமான பிறிபெக்சரின் அனுமதி, வீட்டில் இரும்புப் பெட்டி. அப்படி எடுத்தாலும் அட்டையைக் குறிபார்த்துச் சுடத்தான், கள்ளனைச் சுட இல்லை. இந்தச் சட்டத்தை மாற்றவேண்டும், அதுவரை பொடியள் எல்லாரும் கழகத்தில் சேரவேண்டும் என்று பேசினார்கள். நான் முன்வரிசையில் இருந்து கை தட்டினேன். மகளோடும் என்னோடும் ஒரே வீட்டில் இருக்கும் என் மருமகன் ரவி எனக்குப் பக்கத்தில்.

அக்காவிடம் மைக்கைக் கொடுத்தார்கள். அழுவார் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் குழுத் தலைவரைப் பார்த்து, "தம்பி, உம்மடை வீட்டில ரிவி ரிமோட்டை ஆர் வச்சிருக்கிறது?" என்றார்.

மண்டபம் சிரித்தது. தலைவரும் சிரித்து, "அது சண்டைதான் அம்மா" என்றார்.

"ரிமோட்டுக்கே சண்டை. துவக்கை ஆர் வச்சிருக்கப் போறியள்?"

சிரிப்பு அடங்க முன்னம் அவர் தன் அண்ணரின் கதையைச் சொன்னார். ஊரில் அவருடைய அண்ணர் தோட்டத்துக்குப் பன்றி வருகிறது என்று லைசன்சோடு ஒரு வேட்டைத் துவக்கு வைத்திருந்தார். யுத்தக் காலத்தில் ஒரு நாள், சண்டை பிடித்தவர்களில் ஒரு பகுதியார் வந்து துவக்கைத் தா என்றார்கள். கொடுத்தார். ஏன் அவர்களுக்குக் கொடுத்தாய் என்று கேட்டு மற்றப் பகுதியார் வந்து அண்ணரைக் கொண்டுபோனார்கள். அவர் திரும்பவில்லை. "பக்கத்து வீட்டுக்காரர் பன்றிக்குத் தகரம் தட்டினவர். அவரைத் தேடி ஒருத்தரும் வரேல்லை" என்றார் அக்கா. "கள்ளனை அடிக்க வேணும். விளக்குமாத்தால அடியுங்கோ, நானும் வாறன். துவக்குக்கு மட்டும் என்னைக் கூப்பிடாதேங்கோ."

இறங்கும்போது அந்தப் பெரிய படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டுத்தான் இறங்கினார். எனக்கு அன்று அவர்மேல் கோபம். வெளியே வந்ததும், "உங்களுக்குப் பயம் அக்கா" என்றேன். "ஓம், பயம்தான். உமக்கு இல்லையோ? அதுதான் பிழை" என்றார்.

ரவி கழகத்தில் சேர்ந்தார். எல்லாப் பேப்பரும் ஒழுங்காக எடுத்து ஒரு கைத்துவக்கு வாங்கினார், இரும்புப் பெட்டியும் வாங்கினார். என்னைவிடப் பெருமைப்பட்டவர் ஒருத்தரும் இல்லை. தொலைபேசியில் எல்லோருக்கும் சொன்னேன்.

சின்னவனின் பிறந்தநாளுக்கு அக்கா வந்தார். உள்ளே வந்து பிள்ளையைக் கொஞ்சி, பரிசைக் கொடுத்தார். மகள் நளினி ரோல்ஸும் தேத்தண்ணியும் கொண்டுவந்து நீட்டினாள். அக்கா கை நீட்டவில்லை. "துவக்கு இருக்கிற வீட்டில நான் வாய் நனைக்கன், பிள்ளை. குறை நினையாதை."

எங்கள் ஊர்ச்சனத்துக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஒரு வீட்டில் வாய் நனைக்காமல் போவதென்றால் முகத்தில் அறைந்த மாதிரி. அதுவும் வந்திருந்த ஆட்கள் எல்லோருக்கும் முன்னால். நான் வாசல்வரை போய், "இனி என்ரை வீட்டுப் படி ஏறாதேங்கோ" என்றேன். "சரி" என்று படியிறங்கினார். ஒரு வருடத்துக்கு மேல் எங்களுக்குள் பேச்சில்லை. வேலையிடத்தில் ஒரே லிப்டில் ஏறமாட்டோம்.

அடுத்ததை எழுதலாமோ என்று ரவியிடமே கேட்டேன். "எழுதுங்கோ மாமி. பேரையும் போடுங்கோ" என்றார். ஆகவே எழுதுகிறேன்.

ரவி கைநீட்டாத மனிதர். ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவருக்கும் மகளுக்கும் வாய்ச்சண்டை. அவருடைய தம்பி வந்து தங்குவதைப் பற்றி. மகள் சொல்லக்கூடாத ஒரு சொல்லைச் சொல்லிவிட்டாள், அவருடைய செத்துப்போன தாயைப் பற்றி. அவருடைய கண் சாமித்தட்டுக்குப் போனது. துவக்குப் பெட்டியின் சாவி, அந்தத் திறப்பு, பிள்ளையார் படத்துக்குப் பின்னால்தான் இருந்தது. நான் தினமும் விளக்கு வைக்கிற இடம். கண் போனது, நின்றது, கீழே இறங்கியது. அவர் பல்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவ்வளவுதான். மகள் அதைக் காணவில்லை. நான் கண்டேன்.

திறப்பை எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டேன். எங்கே போவது? ரயிலில் இரண்டு தரிப்பு, லா கூர்னெவ். கதவைத் திறந்த அக்கா, "என்ன பரமேசு, பிள்ளையள் என்ன வெண்டவை?" என்றார், ஒரு வருடம் பேசாமல் இருந்ததே நடக்காத மாதிரி. நான் திறப்பை மேசையில் வைத்தேன்.

"பெட்டித் திறப்போ?"

"ஓம்."

"தூக்கினவரோ?"

"இல்லை அக்கா. பார்த்தவர்."

"அப்பவே சொன்னனான்" என்று ஒரு சொல் அவர் சொல்லியிருக்கலாம். நான் என்றால் சொல்லியிருப்பேன், ஏழு நாளும் சொல்லியிருப்பேன். அவர் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தார். பிறகு சொன்னார்: "பார்த்ததோட நிண்டது அவரின்ரை நல்ல குணம். ஆனா நல்ல குணம் எண்டது நல்லாச் சாப்பிட்டு, நித்திரை கொண்ட நாளுக்குத்தான் உத்தரவாதம். நித்திரை இல்லாத நாளும் வரும். அந்த நாளையும் யோசிச்சுத்தான் வீட்டுக்கை சாமான் வைக்க வேணும்."

அன்று பின்னேரமே ரவியிடம் திறப்பைக் கொடுத்து, "உங்கடை கண் போன இடத்தை நான் கண்டனான் தம்பி" என்றேன். அவர் இரண்டு கிழமைக்குள் துவக்கை, வாங்கின கடையிலேயே பேப்பரோடு திருப்பிக் கொடுத்துவிட்டார். அடுத்த ஞாயிறு அக்கா எங்கள் வீட்டுக்கு வந்து இரண்டு கோப்பை தேத்தண்ணி குடித்தார். குடித்துவிட்டு, "சீனி காணாது" என்றார்.

குழுக்காரரே, இந்த மனுசியின் முகத்தைத்தான் ஒட்டியிருக்கிறீர்கள்.

தலைவருக்கு நான் தொலைபேசி எடுத்தேன். "அம்மா, இது சமூகத்துக்காக. அந்தப் படம்தான் ஆக்களைத் தொடும். உங்களுக்கு இந்த அரசியல் விளங்காது" என்றார். தம்பி, நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனால் உயிரோடு இருந்தபோது சுவர்ப்பக்கம் திருப்பி வைத்த படத்தை, செத்த பிறகு தெருவுக்குத் திருப்புவது களவு என்பதற்குப் படிப்புத் தேவையில்லை. அவருடைய வீட்டுக்கு வந்த கள்ளர் தாலிக்கொடியைத்தான் கொண்டுபோனார்கள். நீங்கள் வாயைக் கொண்டுபோய்விட்டீர்கள்.

நானும் வசந்தியும் ரூ பிலிப்-து-ஜிராருக்குப் போய்க் கடைக்கதவுகளில் இருந்த தாள்களை உரித்தோம். ஒரு கடைக்காரத் தம்பி ஓடி வந்து மறித்தார். "அக்கா, என்ரை கடையை ரெண்டு தரம் உடைச்சவங்கள். மனிசி பயத்தில கடைக்கு வாறேல்லை. நான் என்ன செய்யிறது, சொல்லுங்கோ." அவர் கண்ணில் தண்ணீர். அது பொய் இல்லை. நானும் தாலியைக் கழற்றிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டுதான் ரயிலில் கலியாண வீட்டுக்குப் போகிறவள். ஒன்றுதான் சொன்னேன்: "தம்பி, உங்கடை பயத்துக்கு உங்கடை முகத்தைப் போடுங்கோ. அக்கான்ரை முகத்தைப் போடாதேங்கோ." அவர் ஒதுங்கி நின்றார். நாங்கள் உரித்தோம்.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு கேள்வி. பேரப்பிள்ளைகள் எந்த வீட்டுக்குப் போவதென்றாலும் முதலில் நான் தொலைபேசி எடுத்து, "உங்கடை வீட்டில துவக்கு இருக்கோ?" என்று கேட்கிறேன். சிலர் கோபிக்கிறார்கள். அப்படியெல்லாம் கேட்கக்கூடாது என்று பேத்தி பிரெஞ்சில் கத்துகிறாள். கத்தட்டும். பதில் வந்த பிறகுதான் பிள்ளைகள் சப்பாத்துப் போடலாம்.

இந்த மலரை வாசிக்கிற எல்லோரிடமும், முக்கியமாக அந்தக் குழுவிடமும் கேட்கிறேன். என் போனில் இருந்து புறப்பட்ட அந்தப் படத்தை அழியுங்கள். நான் அழித்துவிட்டேன், வசந்தியிடம் மன்னிப்பும் கேட்டுவிட்டேன். அபிநயாவிடம் வேறு ஒரு படம் இருக்கிறது, இந்த வருடம் எடுத்தது. லாச்சப்பல் மரக்கறிக் கடை வாசலில் அக்கா ஒரு முற்றின வெண்டிக்காயைத் தூக்கிப் பிடித்துக் கடைக்காரனை ஏசிக்கொண்டிருக்கிறார். கடைக்காரன் சிரிக்கிறான். அவருடைய வாய் திறந்திருக்கிறது. கை ஆடியதில் படம் கொஞ்சம் மங்கல். அழகான படம் இல்லை என்று வீட்டில் சொல்கிறார்கள்.

அபிநயா, அதையே போடு பிள்ளை. பேஸ்புக்கில் போடு, குழுக்களில் போடு, பெரிதாக அடித்துத் தா, கடைக்கதவுகளில் நானே கொண்டுபோய் ஒட்டுகிறேன். கீழே பெயரை மட்டும் எழுது, வேறு ஒரு வசனமும் வேண்டாம். இன்றைக்கே போடு.