இரண்டாவது பிரேக்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வண்டியில், ஓட்டுபவருக்குப் பக்கத்து இருக்கையின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். அந்த இருக்கையில் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்தவர் அவர். பேட்டையில் பாதிப் பேருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்திருக்கிறார். சொந்தமாகக் கார் கிடையாது. மனைவியின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்துதான் வேலைக்கு வருவார். வாயைத் திறந்தால் "மெதுவா, மெதுவா" என்பதைத் தவிர அதிகம் வராது என்பதால் 'மெதுவா மாஸ்டர்' என்று பெயர். அவருடைய வேகமெல்லாம் வலது காலில் இருந்தது.

அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. மாஸ்டரின் பாதம் பிரேக்கைத் தொடாமல், அதற்கு ஓர் அங்குலம் மேலே நாள் முழுக்க அந்தரத்தில் நிற்கும். கற்றுக்கொள்பவர் தடுமாறினால் இறங்கி மெல்ல அழுத்தும். அப்போது முகம் ஜன்னல் பக்கம் திரும்பி ஏதோ கடைப் பலகையைப் படித்துக்கொண்டிருக்கும். வண்டி நின்றதும், "பாத்தீங்களா, நீங்களே நிறுத்திட்டீங்க!" என்பார். தைரியம் வருவதற்கு இந்தப் பொய் அவசியம் என்பது எல்லா மாஸ்டர்களின் நம்பிக்கை. முதல் வாரம் முழுப் பொய், இரண்டாம் வாரம் பாதிப் பொய், கடைசி வாரம் பொய்யே இருக்கக் கூடாது. எந்த வாரம் எவ்வளவு என்பதை அவர் யோசித்ததில்லை. காலே பார்த்துக்கொண்டது.

நாற்பத்தாறாவது வயதில் முதுகுத்தண்டில் ஒரு தட்டு பிதுங்கி நரம்பை நசுக்கியது. ஆபரேஷன் நடந்தது, நன்றாகவே நடந்தது. இடுப்பு வலி சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போனது. வலது கால் வலி மட்டும் காலி செய்ய மறுக்கும் வாடகைக்காரரைப் போல உட்கார்ந்துகொண்டது. கெண்டைக்காலின் வெளிப்பக்கத்தில் கிளம்பிக் கட்டைவிரலில் முடியும். சில நேரம் சுடுகம்பி. சில நேரம் காலுறைக்குள் தண்ணீர் சொட்டுவதுபோல் இருக்கும். ஷூவைக் கழற்றி உள்ளே கைவிட்டுப் பார்ப்பார், உலர்ந்திருக்கும்.

டாக்டர் புதிதாக எடுத்த படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

"நரம்பு மேல இப்ப எந்த அழுத்தமும் இல்லை. படம் சுத்தமா இருக்கு."

"வலிக்குதே டாக்டர்."

"நசுங்கின நரம்பு தேறி வர டைம் எடுக்கும். ஆறு மாசத்துல போகலாம். ஒரு வருஷமும் ஆகலாம். கொஞ்சம் அப்படியே தங்கிடவும் செய்யலாம்."

"இதுல எனக்கு எது?"

"அதை இப்பவே சொல்ல முடியாது. சரி, இன்னைக்கு வலி பத்துக்கு எத்தனை?"

இந்தக் கேள்வி அவரை ஒவ்வொரு தடவையும் குழப்பியது. "பத்துன்னா என்ன டாக்டர்?"

"தாங்கவே முடியாத வலி."

"தாங்கிட்டுத்தானே இங்க வந்து உக்காந்திருக்கேன். அப்ப எனக்குப் பத்து வரவே வராதே?"

டாக்டர் ஏழு என்று எழுதிக்கொண்டார்.

வீட்டில் அனுதாபத்துக்குப் பஞ்சம். மனைவி மருந்துக்கடையில் வேலை பார்ப்பவர். நாள் முழுக்க மற்றவர்களின் வலியைக் கவரில் போட்டுக் கொடுத்துவிட்டு வருகிறவரிடம் வீட்டுக்கென்று மிச்சம் இருக்காது. ஆனால் அவர்தான் ஒரு வழி சொன்னார். "சும்மா புலம்பாதீங்க. எப்ப வலிக்குது, எப்ப வலிக்கலைன்னு ஒரு நோட்டுல எழுதுங்க."

எழுதினார். மழை நாளில் வலித்தது. வெயில் நாளில் அதைவிட அதிகமாக வலித்தது. நடந்தால் குறைந்தது, மறுநாள் நடந்தபோது கூடியது. நாற்பது பக்கம் நிரம்பியதும் ஒரே ஒரு விஷயம் நிச்சயமாயிற்று: ஒரு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து உட்கார்ந்தால் வலி வரும். உட்காருவதற்கென்றே ஒரு வேலையைப் பார்த்துவைத்திருந்த மனிதருக்கு இதுதான் கிடைத்தது.

நான்கு மாதம் கழித்து, டாக்டர் சரி என்ற பிறகு, மறுபடி அந்த இருக்கைக்கு வந்தார். ஆறு வாரம் எல்லாம் ஒழுங்காக நடப்பதுபோலத் தெரிந்தது. அதற்குப் பிறகு அவரிடம் கற்ற மூன்று பேர் ஒருவர்பின் ஒருவராக லைசென்ஸ் பரீட்சையில் தோற்றார்கள்.

ஓட்டுநர் பள்ளியின் முதலாளி அவருடைய தங்கை கணவர். கதவைச் சாத்திவிட்டுப் பேசினார்.

"மச்சான், மூணு பேரும் ஒரே தப்பு. கோட்டுல நிறுத்தச் சொன்னா கோட்டைத் தாண்டிப் போய் நிக்கிறாங்க. அந்தத் தையல்கார அம்மா அரை வண்டி தாண்டிட்டாங்களாம். இன்ஸ்பெக்டர் சிரிக்கிறார்."

"இங்க நல்லாத்தானே நிறுத்தினாங்க மாப்ளே?"

"அதான் எனக்கும் புரியலை. இங்க நிக்கிற வண்டி அங்க ஏன் நிக்க மாட்டேங்குது?"

பரீட்சை வண்டியில் இரண்டாவது பிரேக் கிடையாது. இருவரும் ஒரே நேரத்தில் மேஜைக்குக் கீழே மாஸ்டரின் ஷூவைப் பார்த்தார்கள்.

"நீங்க போட்டிருக்கீங்க மச்சான். கடைசி வாரமும் போட்டிருக்கீங்க."

"போடலை."

"அதைப் படிக்க வர்றவங்ககிட்ட சொல்லுங்க. நானும் அந்த சீட்டுல உக்காந்தவன்தான்."

நடந்தது இதுதான். வலிக்கிற கால் ஆபத்து நேரத்தில் கேட்குமோ கேட்காதோ என்ற பயத்தில், ஆபத்து வருவதற்கு முன்பே அழுத்திவைத்துவிட்டார். கொஞ்சம் முன்னதாக, பிறகு இன்னும் கொஞ்சம் முன்னதாக. கடைசியில் கற்றுக்கொள்பவர்கள் பிரேக் பக்கம் காலைக் கொண்டுபோவதற்குள் வண்டி நின்றுவிடும். மூன்று பேரும் பிரேக் போடாமலே பிரேக் போடக் கற்றுக்கொண்டு பரீட்சைக்குப் போயிருந்தார்கள்.

"உள்ளே வந்துடுங்க. போர்டு முன்னால நின்னு சிக்னல், ரூல்ஸ் எல்லாம் சொல்லிக்கொடுங்க. கௌரவமான வேலை," என்றார் முதலாளி.

கௌரவம் என்ற வார்த்தை வந்தாலே வேலை போய்விட்டது என்று அர்த்தம். இது மாஸ்டருக்குத் தெரியும். "ஒரு ஆளைக் கொடு. ஒரே ஒரு ஆள். அவங்க கோட்டுல நிறுத்தினா நான் சீட்டுல இருக்கேன். இல்லைன்னா போர்டுக்கு வரேன்."

"ஒரு கண்டிஷன். அவசரம்னா உங்க கால் வேலை செய்யும்னு எனக்குக் காட்டணும். அதையும் பாத்துட்டுத்தான்."

அன்று மாலையே சமையலறையில் ஆராய்ச்சி தொடங்கியது. எடை பார்க்கும் மெஷினைச் சுவரில் சாய்த்து, எதிரே நாற்காலியில் உட்கார்ந்தார். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கும் மனைவி நினைத்த நேரத்தில் "நிறுத்து!" என்று கத்த வேண்டும், அவர் மெஷினை மிதிக்க வேண்டும், மனைவி முள்ளைப் பார்த்து எண்ணைச் சொல்ல வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து தன் பேச்சை இவ்வளவு சீக்கிரம் கணவர் கேட்டதில்லை என்பதால் மனைவி இதில் உற்சாகமாகவே இருந்தார். எண்கள் தினமும் நோட்டில் ஏறின; இப்படியே ஒரு வாரம் ஓடியது.

"நிறுத்து!"

தட்.

"நாப்பத்திமூணு. ஏங்க, இன்னைக்கு வலி எவ்வளவு?"

"எட்டு இருக்கும்."

"நேத்து வலியே இல்லைன்னீங்க. நேத்து முப்பத்தெட்டுதான் வந்துச்சு."

அவர் நோட்டை வாங்கிப் பின்னோக்கிப் புரட்டினார். ஒரு வாரத்தில் வலியும் பலமும் ஒருநாள்கூடச் சேர்ந்து நடக்கவில்லை. வலி அதிகமான நாளில் மிதி நன்றாக விழுந்திருந்தது. நிம்மதியான நாளில் சுமாராக. டாக்டருக்கு போன் போட்டார். "அழுத்தற பலம் குறையாத வரைக்கும் வேலை பாருங்க. பாதம் துவள ஆரம்பிச்சா ஒருநாள்கூடக் காத்திருக்காம வாங்க," என்றார் டாக்டர். அப்படியென்றால் வலி எதைச் சொல்லத்தான் வருகிறது என்று கேட்க நினைத்தார். அதற்குள் போன் வைக்கப்பட்டுவிட்டது.

முதலாளி கொடுத்த அந்த ஒரே ஆள், ஓய்வு பெற்ற ஒரு நர்ஸ். வயது அறுபத்தொன்று. முப்பது வருடம் ஆபரேஷன் தியேட்டரில் நின்றவர், எல்லாருக்கும் சிஸ்டர். கத்தரிக்கோலை நீட்டும் பழக்கத்திலேயே கியரைப் போடுவார்: சத்தமாக, தயக்கமில்லாமல், பல சமயம் தப்பான இடத்தில்.

நான்காவது நாள் ஒரு முக்கில் வண்டி நின்றதும் அவர் திரும்பினார்.

"மாஸ்டர், நான் இன்னும் பிரேக்கே போடலை."

"நீங்கதான் போட்டீங்க சிஸ்டர். அழகா போட்டீங்க."

"என் கால் இங்க இருக்கு. உங்க கால் எங்க இருக்கு?"

காலும் களவுமாக மாட்டிக்கொண்டார். இருபத்திரண்டு வருடத்தில் யாரும் குனிந்து பார்த்ததில்லை. வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லி, முதல்முறையாகத் தொழில் ரகசியத்தைச் சொன்னார். ஆபரேஷனையும் மூன்று பேர் தோற்றதையும் கூடவே சொன்னார். சிஸ்டர் கோபப்படவில்லை. ஸ்டியரிங்கை விட்டுவிட்டு முழுதாக அவர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எந்த இடம்? கடைசித் தட்டா, அதுக்கு மேலயா?"

"அதுக்கு மேல."

"அப்ப கெண்டைக்கால் வெளிப்பக்கமா வந்து கட்டைவிரல்ல முடியணும்."

"ஆமா! உங்களுக்கு எப்படி..."

"அது வரைக்கும் தெரியும். அதுக்கப்புறம்தான் தெரியாது. எத்தனை முதுகு திறந்ததைப் பாத்திருப்பேன்! தையல் போட்டு, துடைச்சு, ஸ்ட்ரெச்சர்ல அனுப்பினா எங்க வேலை முடிஞ்சுது. வாசலுக்கு அந்தப் பக்கம் நீங்கள்லாம் என்ன ஆனீங்கன்னு ஒருத்தர்கூட வந்து சொன்னதில்லை. சொல்லுங்க, வலி எப்படி இருக்கும்?"

மாஸ்டர் சொன்னார். சுடுகம்பியைச் சொன்னார், காலுறைத் தண்ணீரைச் சொன்னார். இத்தனை ஆர்வமாக அதை யாரும் கேட்டதில்லை. தண்ணீர் என்றதும், "இது புதுசா இருக்கே! குளிர்ந்த தண்ணியா, வெதுவெதுப்பா?" என்று சிஸ்டர் கேட்டார். அவர் யோசித்ததே இல்லை. யோசித்துப் பார்த்ததில் வெதுவெதுப்பு என்று தெரிந்தது.

"இப்ப காலைத் தரையில வைங்க," என்றார் சிஸ்டர். "நான் ஓட்டறேன்."

"பழக்கமில்லை சிஸ்டர். நீங்க வேற புதுசு..."

"முப்பது வருஷமா டாக்டர் கையைப் பாத்துக்கிட்டு நின்னிருக்கேன். நான் நடுவுல கையை விட்டேனா? வைங்க."

வைத்தார். பாதத்தைத் தரையில் பதித்துக்கொண்டு பக்கத்து இருக்கையில் போவது, தெரியாத ஊரில் கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பதுபோல் இருந்தது. ஒவ்வொரு முக்கிலும் கால் தானாக எழுந்தது; ஒவ்வொரு முறையும் சிஸ்டர் ரோட்டைப் பார்த்தபடியே, "கீழே," என்றார். யார் யாருக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள் என்று பார்ப்பவர்களுக்கு விளங்கியிருக்காது. ஒரு வாரத்தில் அவர் நோட்டில் ஒன்றைக் கவனித்தார். அந்தரத்தில் நிற்காத கால், ஒரு மணி நேரத்துக்குப் பதிலாக ஒன்றேகால் மணி நேரம் தாங்குகிறது. அதனாலா, வேறு எதனாலாவதா என்று தெரியாததால் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவைத்தார்.

பரீட்சைக்கு இரண்டு நாள் முன்னால், காலி மைதானத்தில் முதலாளியின் சோதனை. முதலாளி ஓட்டுவார், நடுவில் "இப்ப!" என்பார், சுண்ணாம்புக் கோட்டுக்குள் மாஸ்டர் நிறுத்த வேண்டும். முதல் ஐந்து தடவையும் வண்டி கோட்டுக்கு வெகு முன்னாலேயே நின்றது.

"பிரமாதம் மச்சான்!"

"மாப்ளே, இது என் பிரேக் இல்லை."

"நான் போடலை."

"குனிஞ்சு பாக்கட்டுமா?"

முதலாளி அசடு வழிந்தார். அவரும் பதினைந்து வருடம் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தவர். 'இப்ப' என்று அவர் வாய் சொல்லும்போதே கால் இறங்கிவிடுகிறது. கடைசியில் வேகம் பிடித்ததும் இரண்டு கால்களையும் இழுத்து இருக்கையின் மேல் சம்மணம் போட்டுக்கொண்டார். பெரிய நம்பிக்கை என்று சொல்ல முடியாது, கண்களை மூடியிருந்தார்.

பத்து தடவை ஓடினார்கள். ஒன்பது தடவை வண்டி கோட்டுக்குள் நின்றது. ஏழாவது தடவை ஒரு முழம் தாண்டியது; அதை மாஸ்டரே சொன்னார்.

"அப்ப வலிச்சுதா?"

"இல்லை. அப்பத்தான் வலியே இல்லை. வலிச்சது மூணாவதுலயும் பத்தாவதுலயும்."

"இதை வச்சு நான் என்ன முடிவு பண்றது மச்சான்?"

"எனக்கே தெரியலை மாப்ளே. ஆனா ஏழாவது தடவை ஓடறப்ப நாம உக்காந்து ஒன்றரை மணி நேரம் ஆயிருந்துச்சு. அப்புறம்தான் இறங்கி நடந்தோம். அதை மட்டும் எழுதிக்கோ. மிச்சத்தைச் சத்தியம் பண்ணிச் சொல்ல மாட்டேன்."

ஏழாவதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். கண்ணை மூடியிருந்த முதலாளிக்குத் தெரிந்திருக்காது. நன்றாக இருக்கிறது என்று அடித்துச் சொல்லியிருந்தால் முதலாளி நம்பியிருக்க மாட்டார். தெரியாது என்று சொன்னதால் நம்பினார். "சரி, சிஸ்டர் கோட்டுல நிக்கட்டும். பாப்போம்," என்றார்.

பரீட்சை நாளில் இருவரும் மைதான ஓரத்தில் நின்றார்கள். சிஸ்டர் நேராக வந்தார். இன்ஸ்பெக்டர் கை காட்டினார். வண்டி கோட்டுக்கு நான்கு விரல் இடைவெளியில், குலுங்காமல் நின்றது. மாஸ்டரின் கால் புல்லுக்குள் நன்றாக அழுந்தியிருந்தது. அதைக் கவனிக்காத மாதிரி முதலாளி வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

பிறகு சிஸ்டர் ரிவர்ஸ் எடுத்து, அசையாமல் நின்றுகொண்டிருந்த கம்பத்தை இடித்தார்.

"ஃபெயில் மச்சான்."

"கோட்டுல நின்னாங்கல்ல?"

"கம்பத்துலயும் நின்னாங்களே."

"நாம கம்பத்தைப் பத்திப் பேசவே இல்லையே மாப்ளே."

முதலாளி கொஞ்ச நேரம் கம்பத்தைப் பார்த்தார். "ஒரு மணி நேரம் வண்டி, அரை மணி நேரம் நடை. அதுக்கு மேல ஒரு நிமிஷம் உக்காந்தாலும் உங்க வீட்டுக்காரம்மாகிட்ட சொல்லிடுவேன்," என்றார். "மாசத்துக்கு ஒருதடவை இதே மாதிரி பத்து ஓட்டம். ஒன்பதுக்குக் கீழ போனா போர்டு."

"சம்மதம். நீ சம்மணம் போடறதா இருந்தா."

சிஸ்டர் எந்த வருத்தமும் இல்லாமல் வந்துசேர்ந்தார். "பின்னால போறது எனக்கு எப்பவுமே வராது. எப்ப சொல்லித் தரீங்க?"

"நாளைக்குக் காலைல ஏழரைக்கு வாங்க. எட்டரை வரைக்கும் என் கால் கேரண்டி. அதுக்கு மேல அது என்ன சொல்லும்னு எனக்கே தெரியாது."

"தெரிஞ்சா எனக்கும் சொல்லுங்க," என்றார் சிஸ்டர். "முப்பது வருஷமா யாரும் சொல்லலை."