ஒரு சைஸ் ஜாஸ்தி

ஆம்பூரில் நான் வேலை பார்க்கும் ஷூ கடைக்கு ஒரு சூடான் நாட்டு அக்கா வந்தார். வேலூரில் படிக்கிறவர், தமிழ் கொஞ்சம் வரும். நல்ல கறுப்பு, நெடுநெடுவென்ற உயரம். காலைத் தூக்காமல் தேய்த்துத் தேய்த்தே நடந்தார். வழக்கம்போல அவர் ஷூ முனையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். உள்ளே காலி.

"ஒரு சைஸ் ஜாஸ்திக்கா."

"என் தோஸ்த்தோடது. ஊர்ல சண்டை. குண்டு விழுந்தப்ப ரெண்டு பேரும் அவசரத்துல மாத்திப் போட்டுக்கினு ஓடினோம். அவ வேற தெருவுல போய்ட்டா."

"இப்ப எங்க இருக்காங்க?"

"தெரியல. என் ஷூ அவளுக்குச் சின்னது. கடிக்கும்."

தோழியின் அளவிலேயே புது ஜோடி வாங்கிக்கொண்டு, அதே தொளதொள ஷூவைத் தேய்த்தபடி போனார்.

இப்போதெல்லாம் யார் ஷூவை அழுத்தினாலும், முனை காலியாக இருந்தால் போதும். எங்கேயோ ஒருத்தி, கடிக்கிற ஷூவோடு இன்னும் ஓடிக்கொண்டே இருக்கிறாள்.