ஆட்டுக்குத்தான் கேட்டேன்

இட ஒதுக்கீடு கேட்டுச் சாலையெல்லாம் மரத்தை வெட்டிப் போட்டு மறியல் நடந்த வருஷத்தில்தான் எங்கள் சினை ஆடு சுவரைத் தின்ன ஆரம்பித்தது. மறியலுக்குப் போன என் வீட்டுக்காரர் போலீசுக்குப் பயந்து கல்வராயன் மலையேறி, கரியாலூர்ப் பக்கம் தெரிந்தவர் கொல்லையில் தங்கிவிட்டார். வீட்டில் மாமனார், மாமியார், நான், கொஞ்சம் ஆடுகள்.

சின்னசேலத்துக்கு இந்தப் பக்கம் எங்கள் ஊர். ஜவ்வரிசி ஆலையின் கழிவுத் தண்ணீர் எங்கள் ஓடையில்தான் வரும். நாற்றம் எங்களுக்குப் பழகிப்போனது. விருந்தாளிகள் மூக்கைப் பொத்தும்போது மட்டும், ஏதோ நாங்களே நாறுகிற மாதிரி கூசும். மற்ற நிலமெல்லாம் அடுத்தவர்களுடையது என்பதால் ஓடைக்கரைப் புல்லை விட்டால் ஆடுகளுக்கு வேறு மேய்ச்சல் இல்லை. அதைத் தின்று தின்று மயிர் கொட்டியது. மண்சுவரை நக்கின, கொடியில் காயும் துணியை மென்றன. என் தாய்வீட்டுச் சீராக வந்த வெள்ளாடு போன தடவை குட்டியைக் குறையில் போட்டுவிட்டது. இந்தத் தடவையாவது நல்லபடி ஈன வேண்டுமே என்று அதன் வயிற்றையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

மாட்டாஸ்பத்திரி டாக்டர் ஊருக்கு ஊசி போட வந்தபோது அதை இழுத்துப்போய்க் காட்டினேன். கண் இமையைப் பிதுக்கிப் பார்த்தார்.

"கெட்ட தண்ணி பாஞ்ச புல்லும்மா. முடிஞ்சவரைக்கும் அங்க ஓட்டாத. உடம்புல சத்து கம்மி. தாது உப்பு வாங்கித் தவிட்டுல பெசஞ்சு தெனம் கொஞ்சம் வையி."

எனக்குக் காது சூடாகிவிட்டது. அந்தக் காலத்தில் எங்களுக்குத் தெரிந்த தாது ஒன்றே ஒன்றுதான். பஸ் ஸ்டாண்டு சுவர் முழுக்க எழுதியிருக்குமே, தாது புஷ்டி லேகியம் என்று, அந்தத் தாது. பக்கத்தில் நின்ற மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எங்கேயோ பார்த்தார்.

"நீங்க போயி வாங்கியாங்க மாமா" என்றேன் வீட்டுக்கு வந்ததும்.

"நானா? இந்த வயசுல கெழவனுக்கு இன்னா கேடுன்னு கடையில சிரிப்பானுங்கம்மா!"

"ஆட்டுக்குன்னு சொல்றதுக்கு வாய் இல்லியா உனுக்கு?" என்று மாமியார் முறத்தோடு சிரித்தார்.

"சொன்னா மட்டும் நம்பிடுவானுங்களா?"

பஸ் ஓடவில்லை. வெட்டிப் போட்ட புளியமரங்களைச் சுற்றிச் சுற்றிச் சின்னசேலத்துக்கு நடந்தே போனேன். எந்தக் கடையில் கேட்பது என்று டாக்டரிடம் விசாரிக்கவும் வெட்கப்பட்டதால், நேராக நாட்டு மருந்துக் கடையில் போய் நின்றேன். வாசல் பெஞ்சில் ஆண்கள் மறியல் கதை பேசிக்கொண்டிருந்தார்கள். அதில் எங்கள் ஊர்க்காரர் ஒருவரும் உட்கார்ந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. 'ஆட்டுக்கு, ஆட்டுக்கு' என்று வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டு வந்தவள், கடைக்காரர் "இன்னாம்மா வேணும்?" என்றதும் "தாது..." என்றேன். அதற்குமேல் குரல் எழவில்லை.

நல்ல மனுஷர். என்னைத் தவிக்கவிடாமல் ஒரு டப்பாவைப் பேப்பரில் சுற்றி நூல் கட்டி நீட்டினார். "ஒரு ஸ்பூன் சாப்ட்டு மேல பால் குடிக்கச் சொல்லுங்க" என்றார் தணிந்த குரலில். ஆட்டிடம் எப்படிச் சொல்வது என்று கேட்கும் நிலையில் நான் இல்லை. வாங்கிக்கொண்டு ஓடி வந்துவிட்டேன்.

வீட்டில் பிரித்தால் கருகருவென்று லேகியம். மாமியார் மோந்து பார்த்துவிட்டு, "கெடா வளத்தாலாவது ஒரு ஞாயம் கீது, நம்முளுது பொட்டை ஆடாச்சேடி" என்றார்.

மறுநாள் குழாயடியில் பக்கத்து வீட்டு அக்கா குடத்தை நிமிர்த்தினாள். "இன்னாடி, வூட்டுக்காரரு ராவுல வந்து வந்து போய்க்கினு கீறாராமே? லேகியம்லாம் வாங்கறியாமே?"

எல்லாரும் சிரித்தார்கள். இந்தப் பேச்சு ஸ்டேஷன் வரைக்கும் போனால் வாசலில் ஜீப் வந்து நிற்குமே.

"ஆட்டுக்குக்கா! சினை ஆட்டுக்கு!" என்று கத்தினேன்.

"ஆமாண்டி, ஆட்டுக்குத்தான். அது எத்தினி காலு ஆடு?"

அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன். மாமியார் டப்பாவை மடியில் கட்டிக்கொண்டு என்னைக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனார். அதே பெஞ்சு, அதே ஆண்கள். "எம் புள்ள வூட்டுலயே இல்ல, இந்த லேகியம் யாருக்குய்யா? நாங்க கேட்டது ஆட்டுக்கு!" என்று அவர் போட்ட சத்தத்தில் எதிர்ச்சாரியில் போன சைக்கிள் நின்றது. முந்தின நாள் மெதுவாகக் கேட்டதே தேவலை என்று நான் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன். கடைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு எதிரே இருந்த மாட்டு மருந்துக் கடையைக் கை காட்டினார்.

அங்கே கிடைத்தது சாம்பல் நிறத்தில் ஒரு பொடிப் பொட்டலம். மேலே மாட்டுப் படம் போட்டிருந்தது. அந்தப் படம் வெளியே தெரியும்படி பொட்டலத்தை மார்போடு பிடித்துக்கொண்டு ஊருக்குள் நுழைந்தேன். நேர்வழியில் வீடு பக்கம்தான். ஆனாலும் எல்லாத் தெருவையும் சுற்றிக்கொண்டு போனேன்.

தவிட்டில் பிசைந்து வைக்க வைக்க ஆடு சுவரை விட்டது. அது ஈனும்வரை ஓடைக்கரைக்கு விடாமல், வரப்பு வரப்பாகக் கெஞ்சிப் புல் அறுத்து வந்து போட்டேன். மாதம் நிறைந்து ஒரு கிடாக்குட்டி போட்டது. விழுந்த கொஞ்ச நேரத்தில் எழுந்து நின்று முட்டி முட்டிப் பால் குடித்தது. நான் கும்பிட்டேன். தெருவே வந்து பார்த்தது. பக்கத்து வீட்டு அக்கா அதைத் தூக்கிக் கொஞ்சி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஒரு பேர் வைத்தாள்.

எல்லாம் அடங்கி வீட்டுக்காரர் மலையிலிருந்து இறங்கி வந்தபோது குட்டி வாசலில் துள்ளிக்கொண்டிருந்தது. தெருப்பிள்ளைகள் அதைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஆட்டுக்குட்டிக்கு யாராச்சும் லேகியம்னு பேர் வெப்பாங்களா? இன்னாத்துக்குடி வெச்சீங்க?" என்று கேட்டார்.

மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். நான் அடுப்பைப் பார்ப்பதுபோல உள்ளே போய்விட்டேன். மாமியார்தான் அவரை உட்காரவைத்து, முதலிலிருந்து, தெருவுக்கே கேட்கிற குரலில், சொல்ல ஆரம்பித்தார்.