மாமியின் கசாயமும் என் வாயும்

எனக்குப் பெருங்குடலில் புண். நோய் கிளம்பினால் ஒரு நாளைக்கு எட்டுத் தடவை கக்கூசுக்கு ஓட வேண்டும், இரத்தமும் போகும். ஆஸ்பத்திரிக் குளிசையில் அது கொஞ்சம் அடங்கிய நேரத்தில்தான் மாமி, என் புருஷனின் உம்மா, மாதுளந்தோலும் வில்வங்காயும் போட்டுக் கசாயம் காய்ச்சித் தரத் தொடங்கினார். டாக்டரிடம் சொன்னேன். அவர் ஏசவில்லை.

"இப்பிடியான மூலிகைகள இந்த நோய்க்கு ஆராய்ச்சி செய்றாங்கதான். இன்னும் முடிவாத் தெரியாது. அளவாக் குடிங்க, குளிசைய மட்டும் விட்டுடாதீங்க."

விடவில்லை. ஆனால் கைமருந்து குடிக்கும்போது இங்கிலீஸ் மருந்தைத் தொட்டால் பலிக்காது என்பது எங்கள் தில்லையடிப் பெண்களின் பேச்சு. மாமியின் மனம் நோகுமே என்று குளிசையை அலுமாரியில் உடுப்புகளுக்கடியில் ஒளித்துவைத்து விழுங்கினேன். நோன்பு மாதத்தில் விடியுமுன் ஸஹர் சாப்பாட்டோடு ஒன்று, நோன்பு திறந்த பிறகு ஒன்று. கசாயத்தை மட்டும் எல்லோரும் பார்க்கக் குடித்தேன்.

பெருநாளன்று வந்த பெண்கள் என் முகம் தெளிந்திருப்பதாகச் சொன்னார்கள். மாமி பக்கத்தில் நின்றார். எனக்கு வாய் சும்மா இருக்காது.

"குளிசையெல்லாம் எதுக்கு? எல்லாம் மாமிட கசாயம்தான்!" என்று அளந்துவிட்டேன். மாமிக்குப் பெருமை தாங்கவில்லை. எனக்கும்தான்.

அந்தக் கூட்டத்தில் அடுத்த வீட்டுப் பிள்ளையும் இருந்தாள். இருபது வயது, அவளுக்கும் இதே நோய். மறுநாளே அவளுடைய உம்மா வந்து கசாயத்தின் பக்குவத்தைக் கேட்டு எழுதிக்கொண்டு போனார். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். மாமி அடுப்படியில் இருந்தார், நான் சொல்லவில்லை.

அந்த மாதமே அவளை வார்டில் சேர்த்தார்கள். நானும் மாமியும் பார்க்கப் போனோம். கையில் இரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. குளிசையை விட்டுவிட்டாள் என்று அவளுடைய உம்மா அழுதார். மாமியின் காதுபடவே பிள்ளையிடம் சொன்னேன்.

"மகள், நான் பொய் சொன்னன். நான் குளிசைய ஒரு நாளும் விடல்ல."

மாமி என்னைத் திரும்பிப் பார்த்தார். "ரெண்டையும் குடிச்சா நான் என்ன கோவிக்கப் போறனா?" என்று மட்டும் கேட்டார்.

பிள்ளை ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் மெதுவாகச் சொன்னாள்.

"ரத்தம் போகப் போகவும் குடிச்சன் சாச்சி. உங்களுக்குச் சுகமாகின மாதிரி எனக்கும் ஆகும் எண்டு பாத்துக்கொண்டே இருந்தன்."

எத்தனை நாள் என்று கேட்டேன்.

"பதினெட்டு நாள்" என்றாள்.