பகலில் எரிந்த விளக்கு

குடியுரிமை விண்ணப்பம் எழுதிக் கொடுக்க, ஞாயிற்றுக்கிழமைகளில் இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயங்களுக்குப் போய்வந்தேன். எல்லாரும் சமம் என்று கூட்டங்களில் பேசியவனும் நான்தான். எல்லா வீட்டிலும் உள்ளே உட்கார்ந்து எழுதினேன். தோட்டத்துக் கக்கூஸ் கழுவுகிற ராக்காயி வீட்டில் மட்டும் வாசலிலேயே நின்றுகொண்டேன்.

"உள்ள வாங்க ஐயா" என்றாள்.

"உள்ள இருட்டா இருக்கு, எழுத்து தெரியாது."

சாதிதான் காரணம். லயத்தில் எந்த வீட்டில்தான் வெளிச்சம் இருந்தது?

அடுத்த ஞாயிறு மீதியை எழுதப் போனபோது, பட்டப்பகலில் அவள் வீட்டுக்குள் மண்ணெண்ணெய் விளக்கு எரிந்தது. "இப்ப எழுத்து தெரியுங்க" என்று பாய் விரித்தாள். அவசரம் என்று சொல்லி, நின்றபடியே எழுதி முடித்தேன்.

வாரம் முழுக்க அந்த விளக்கு கண்ணிலேயே நின்றது. கைநாட்டு வாங்கப் போன மூன்றாம் ஞாயிறு, உள்ளே போய் உட்காரும் முடிவோடுதான் போனேன். ஈர வாசலில் ஒரு தேயிலைப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, கதவைச் சாத்திவிட்டு நின்றிருந்தாள்.

"இங்கதான் நல்ல வெளிச்சங்க" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

பெட்டியில் உட்கார்ந்தேன். குளிர்ந்தது.

அதன் பிறகு எத்தனையோ வீடுகளுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறேன். அவள் விரித்த பாயில் மட்டும் கடைசிவரை உட்காரவேயில்லை.