பதில் வந்தால்தான் மூட்டை இறங்கும்

இரங்கூன் துறைமுகத்தில் தொண்டை கிழியக் கத்திப் பிழைத்தவன் நான். அரிசிக் கப்பலின் மேல்தட்டில், மூட்டை அடுக்கும் கிடங்கின் வாய் விளிம்பில் என்னை நிறுத்தியிருந்தார்கள். பாரம் தூக்கும் விஞ்சின் சங்கிலியில் தொங்கும் மூட்டைக் கட்டு என் தலைக்கு மேல் வந்து ஆடும். வெயிலில் நிற்கிற கண்ணுக்கு, கீழே கிடங்குக்குள் ஒரே இருட்டு. அங்கே அடுக்குகிற ஆட்களில் எவன் ஒதுங்கினான், எவன் நடுவில் நிற்கிறான் என்று ஒரு எழவும் தெரியாது. விஞ்சுக்காரர் சிட்டகாங்காரர். அவருக்குத் தமிழ் புரியாது, என் கையைத்தான் பார்ப்பார்.

அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. நான் ஓர் இங்கிலீஷ் வார்த்தையைக் கத்துவேன். கீழே ஒதுங்கி நின்றவன் ஒவ்வொருவனும் அதற்கு ஒரு கோணல் அர்த்தம் சொல்ல வேண்டும். எல்லாக் குரலும் வந்த பிறகுதான் கையை இறக்கி "ஆரியா!" என்பேன், கட்டு இறங்கும். வெறுமனே 'சரி' என்று கத்தச் சொன்னால் ஒருத்தனுக்காக இன்னொருத்தன் கத்திவிடுவான். அர்த்தத்தை மட்டும் எவனும் அடுத்தவனுக்கு விட்டுக்கொடுக்க மாட்டான்.

"கேப்டன்னா?"

"கேப்பையை டன் கணக்குல திங்கிறவன்!"

"சேலரி?"

"பொண்டாட்டி சேலைக்கே அரிச்சுப் போறது!"

கடைசிக் குரல் எப்போதும் என் தங்கை புருஷனுடையது. மாப்பிள்ளை யோசித்துத்தான் சொல்வார். ஒரு நாள் "மேனேஜர்" என்றேன். "மேலே நின்னு ஏசுறவர், மச்சான்!" கிடங்கே அதிரச் சிரித்தார்கள். தாமுவேயில் அவர்கள் அறையில், சாயங்காலம் அந்த அர்த்தத்தைக் கேட்ட பிறகுதான் தங்கை சோறு போடுவாள். அவள் நிறைமாதக்காரி. "அவரைப் பத்திரமா பார்த்துக்கண்ணே" என்று என்னிடம் சொல்லாத நாளில்லை.

மழை விட்டதும் புதுத் துரை ஒருவர் வந்தார். அன்று நான் கூப்பிட்ட வார்த்தை டேஞ்சர். விஞ்சுக்குப் பக்கத்தில் சிவப்பாக எழுதி மாட்டியிருந்தது. மாப்பிள்ளை கீழேயிருந்து சொன்னார்: "சங்கிலி தேஞ்சு போச்சுல்ல, அதுக்கு மரியாதை குடுத்து தேஞ்சர்ங்கிறான் மச்சான்!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் சங்கிலியை ஒருமுறை அண்ணாந்து பார்த்தேன். துரை காதில் விழுந்ததோ தன் பாஷை வார்த்தையும் அதன் பின்னால் எழுந்த சிரிப்பும்தான். தன்னைக் கேலி செய்கிறோம் என்று முகம் சிவந்துவிட்டார். மேஸ்திரியைக் கூப்பிட்டுக் குதித்தார்.

"இனிமே எவனும் வாயைத் தொறக்கக் கூடாதாம்" என்றார் மேஸ்திரி. "துரை கைக்குட்டையை ஆட்டுவாராம், கட்டு இறங்குமாம்."

"கீழே ஆள் ஒதுங்கிட்டான்னு அவருக்கு எப்படித் தெரியும் மேஸ்திரி?"

"அதை நான் கேட்டா என் வேலை போயிரும்டா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தெரிந்த அரைகுறை இங்கிலீஷையும் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு நானே துரையிடம் சொல்லிப் பார்த்தேன். கரைக்கு இறங்கி மூட்டை கட்டுகிற வேலையைப் பார் என்று விரட்டிவிட்டார். பாவி மனுஷன், காது கொடுத்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்!

மறுநாள் காலை மாப்பிள்ளை கப்பலில் ஏறுமுன் என்னைத் தட்டிக்கொடுத்தார். "விடு மச்சான். சாயங்காலத்துக்குள்ள துரைக்கே ஒரு அர்த்தம் கண்டுபிடிக்கிறேன்."

கரையிலிருந்து கேட்டால் அந்தக் கப்பல் எனக்கு அந்நியமாக இருந்தது. விஞ்சு கடகடக்கும், கட்டு இறங்கும், மறுபடி கடகடக்கும். மனிதக் குரலே இல்லை. ஒவ்வொரு கட்டும் விளிம்பைத் தாண்டி மறையும்போது வேலையை விட்டு நிமிர்ந்து பார்த்தேன். பக்கத்திலிருந்தவன் வெற்றிலை நீட்டினான், வாங்கத் தோன்றவில்லை.

மத்தியானம் சங்கிலி அறுந்தது.

கப்பலுக்குப் போட்டிருந்த பலகையில் ஏறி ஓடினேன். துரை கைக்குட்டையோடு நின்றிருந்தார். கிடங்கிலிருந்து தூசி எழுந்துகொண்டிருந்தது. விளிம்பில் மண்டியிட்டு, வாயில் வந்த வார்த்தையைக் கத்தினேன். "டேஞ்சர்!"

கீழேயிருந்து ஒவ்வொருவனாகப் பதில் சொன்னான். யாரும் அர்த்தம் சொல்லவில்லை. "இருக்கேன்", "இருக்கேன்" என்றுதான் குரல்கள் வந்தன. கடைசிக் குரலுக்காகக் காத்திருந்தேன். அவர் யோசித்துத்தானே சொல்வார் என்று காத்திருந்தேன். கட்டு விழுந்தபோது மாப்பிள்ளை, கிழிந்த மூட்டையிலிருந்து கொட்டிய அரிசியை நடுவில் குனிந்து அள்ளிக்கொண்டிருந்தாராம். ஒதுங்கு என்று சொல்ல மேலே ஆள் இல்லை.

சாயங்காலம் தாமுவேக்கு நடந்தே போனேன். கதவைத் திறந்த தங்கை என் முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. கருவாடு தீய்ந்துவிடுமே என்று அடுப்புக்குத் திரும்பி ஓடினாள்.

"அவரு பின்னால வர்றாரா? அதுக்குள்ள நீயே சொல்லிடுண்ணே" என்றாள், சிரிக்கத் தயாராக. "இன்னைக்கு என்ன அர்த்தம் சொன்னாரு?"